நான்காம் தாங்கியின் கயிறு

பதினொரு வருடமாக உதயனுக்கு அந்த வாசம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, தோல் கறுத்துக் கனிந்த இதரை வாழைப்பழக் குலை ஒன்றைத் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டது மாதிரி அது மூக்கைத் துளைத்தது. சோற்றிலும் அது, தலையணையிலும் அது, குளித்துவிட்டு வந்து துவாயை முகத்தில் வைத்தால் அங்கேயும் அது. இரண்டாம் கிழமை குறைந்தது. ஒரு மாதத்தில் மூக்கு கைவிட்டுவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் இவன் பைக்குள் வாழைப்பழம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மனைவி அவனுடைய உடுப்பைத் தனியாகத் தோய்ப்பாள், அவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவன், தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிற்பகல் நாலு மணிக்கு, லாசாலில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் பின்கட்டுக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டான். வாழைப்பழம் மணத்தது.

நம்பாமல் இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்தான். தடிமன் பிடித்த மூக்கு வேறு. காலையில் ஆவி பிடித்துவிட்டு வந்திருந்தான். ஆனாலும் மணத்தது. வெளியே பகல் அதற்குள் முடிந்துபோயிருந்தது. உயரத்தில் இருந்த யன்னல்களில் பனி கொட்டுவது தெருவிளக்கின் மஞ்சளில் தெரிந்தது. உள்ளே, இடுப்பளவு சீமெந்துச் சுவருக்குள் மூடிய இரும்புத் தொட்டிகளாய் நான்கு தாங்கிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் இரண்டரை ஆள் உயரம். எது கசிந்தாலும் அந்தச் சுவரைத் தாண்டி ஓடக்கூடாது. ஒவ்வொரு தாங்கியின் காலிலிருந்தும் ஒரு செப்புக் கம்பி நிலத்துக்குள் போகிறது, தீப்பொறி பறக்காமல் இருக்க. கைத்தொலைபேசி, கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

தாங்கிகளுக்குள் இருப்பது பியூட்டைல் அசிட்டேட். பெயர்தான் பெரிது. நகப்பூச்சிலும் கார்ப் பெயின்றிலும் அலுமாரிக்கு அடிக்கும் வார்னிஷிலும் கலந்து இருந்து, பூசி முடிந்ததும் காற்றோடு போய்விடுகிற, தண்ணீர் மாதிரியான ஒரு சாமான். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் யோசெப்.

"வினாகிரியில இருக்கிற அமிலம், ஒருவகைச் சாராயம், ரெண்டையும் சேத்துக் கொதிக்க வைக்கிற. கொஞ்சம் கந்தக அமிலம் விடுற. தண்ணி பிரிஞ்சு போகப் போக வாழப்பழ மணம் வரும். மறுகா தண்ணிய உள்ள விட்டியெண்டா, மெல்ல மெல்லத் திரும்பவும் வினாகிரியாப் போயிரும் மச்சான்." மறுகா என்றால் பிறகு. யோசெப் மட்டக்களப்பு ஆள். போன ஒக்ரோபரில் நான்காம் தாங்கிக்குள் செத்துப்போனான். அன்றைக்கு மேலே நின்று கயிறு பிடித்தவன் உதயன்.

நான்காம் தாங்கியின் அடியில் மேற்பார்வையாளர் வின்சன்ட் காத்துக்கொண்டு நின்றார். திருகோணமலைக்காரர், நல்ல மனுசர், கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சில் ஏசுவார். இன்றைக்கு ஏசுகிற முகம் இல்லை. உதவி கேட்கிற முகம். அது அதைவிட மோசம்.

"உதயன், கயிறு பிடிக்கிற ஆள் வரேல்ல. பனிக்குள்ள பஸ் நிண்டுட்டாம்."

"நான் இனிப் பிடிக்கமாட்டன் எண்டு ஒக்ரோபரிலேயே சொல்லிப்போட்டன் அண்ணை."

"தெரியும். நாளைக்கு விடிய லொறி வருது, இந்தத் தாங்கி துப்புரவா இருக்க வேணும். ரெண்டு மாசமா இதுக்குள்ள அமிலம் கூடி, சோதனையில பிழைச்சுக்கொண்டே இருக்கு. எங்கேயோ தண்ணி உள்ள போகுது, எங்கயெண்டு ஒருத்தருக்கும் பிடிபடேல்ல. நீர் மாட்டன் எண்டால் நேற்று வந்த ஏஜென்சி ஆளைத்தான் நிப்பாட்ட வேணும்."

"இறங்கிறது ஆர்?"

வின்சன்ட் தலையைத் திருப்பினார். மூலையைப் பார்த்தார். அங்கே றஜிந்தன் இடுப்பிலும் தொடையிலும் வார்களைக் கொழுவிக்கொண்டு நின்றான், உதயனின் தங்கை சிவாஜினியின் கணவன்.

வேலை எடுத்துக்கொடுத்ததே உதயன்தான். யோசெப்பின் இடம் காலியாக இருந்தது, நவம்பரில் கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். செத்தவனின் இடத்தைச் சொந்தக்காரனுக்கு வாங்கிக் கொடுத்தேனே என்று அவனுக்கே ஒரு கூச்சம் இருந்தது. சிவாஜினி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள்: "அண்ணை, இவரை அந்தத் தாங்கிக்குள்ள இறக்கமாட்டினம்தானே?" ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவனும் சொல்வான்: "நான் நிக்கிறன்தானே, ஏன் பயப்பிடுறாய்?" இப்போது நிற்கத்தான் வேண்டும். நேற்று வந்த ஒருவனின் கையில் தங்கச்சியின் புருஷனைக் கட்டித் தொங்கவிட முடியுமா?

"நானே பிடிக்கிறன்," என்றான். குரல் எங்கேயோ இருந்து வந்தது மாதிரி இருந்தது.

"மெர்சி," என்றார் வின்சன்ட், பிறகு தமிழிலும் ஒரு தரம் நன்றி சொல்லிவிட்டு, மேலே ஏறி, காற்றை அளக்கும் மீற்றரை உள்ளே விட்டுப் பார்த்து, இலக்கத்தை எழுதி, கையெழுத்து வைத்து, முன்பக்கத்தில் லொறி ஏற்றுகிற இடத்துக்குப் போனார்.

உதயனும் றஜிந்தனும் இரும்பு ஏணியில் ஏறி, தாங்கியின் தலையில் சுற்றிக் கம்பி போட்ட இரும்புத் தட்டுக்கு வந்தார்கள். நடுவில் வட்டமான வாய், ஒரு ஆள் தோளைக் குறுக்கினால் நுழையக்கூடிய அளவு. அதற்கு மேல் ஆளைத் தூக்கப் புதிதாக வாங்கிய இரும்பு முக்காலி, கப்பி, கைப்பிடி போட்ட சுற்றுருளை. ஒக்ரோபரில் இவை இல்லை. ஒரு ஆள் செத்த பிறகு எல்லாம் வரும்.

உள்ளே போகிறவனுக்கு முகமூடி. அதற்குள் நல்ல காற்றைக் கொண்டுபோக நீளமான குழாய். கதைக்க முடியாது. தீப்பொறி வராத வோக்கி-டோக்கி வாங்குகிறோம் என்று கம்பனி இரண்டு வருடமாகச் சொல்கிறது. ஆகவே கயிறு. மேலே நிற்பவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கயிற்றை ஒன்று இழுப்பான்: சுகமா? கீழே நிற்பவன் ஒன்று இழுப்பான்: சுகம். மூன்று என்றால் தூக்கு. மேலே நிற்பவன் என்ன நடந்தாலும் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது, என்ன நடந்தாலும் உள்ளே இறங்கக்கூடாது.

"மச்சான், ஆறு மணிக்குள்ள மகளைப் பிள்ளை பாக்கிற கார்டரியில இருந்து எடுக்க வேணும்," என்றான் றஜிந்தன். "பிந்தினால் அந்த மனுசி முகத்தை நீட்டும். நான் கெதியா முடிச்சுப்போட்டு வாறன்."

"கெதி வேண்டாம். நீர் ஆறுதலாச் செய்யும். பிள்ளையை நான் போய் எடுக்கிறன்." கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். மூன்றாம் தரமும் பார்த்தான். "ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் மூண்டு. யோசியாமல் மூண்டு."

"ஓம் ஓம்." றஜிந்தன் சிரித்துக்கொண்டே முகமூடியைப் போட்டான். தலைவிளக்கைக் கொளுத்தினான். தோள், தலை, கை. உதயன் கைப்பிடியைச் சுற்றி இறக்க, வட்டம் அவனை விழுங்கியது.

சுவரில் பெரிய மணிக்கூடு. நாலு இருபது.

கீழே சுரண்டும் சத்தம் தொடங்கியது. தாங்கியின் அடியில் பிடித்த பிசினைப் பித்தளைத் தகட்டால் வழித்து வாளியில் போட வேண்டும்; இரும்பு கூடாது, பொறி பறக்கும். கிறீச். கிறீச். காற்றாடி ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருந்தது, காற்றுக் குழாய் இவனுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, வெளியே எங்கேயோ பனி வழிக்கும் வண்டி ஒன்று பின்னுக்குப் போகும்போது அடிக்கும் மணி கேட்டது. உதயன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கைகளில் இரண்டு கோடுகள், ஒக்ரோபரில் தோல் உரிந்து ஆறிய இடம். புதுக் கயிறு அந்தக் கோடுகளில் அளவெடுத்ததுபோலப் போய் இருந்தது.

நாலு இருபத்தைந்து. ஒன்று இழுத்தான். ஒன்று வந்தது.

அப்பாடா என்றிருந்தது. நல்ல, முழு இழுப்பு, உயிருள்ள மனிதனின் இழுப்பு. நாலு முப்பது. ஒன்று இழுத்தான். ஒன்று வந்தது. இப்படியே இன்னும் நாலைந்து தரம், பிறகு முடிந்துவிடும், பிறகு கார்டரி, பிறகு வீடு, தேத்தண்ணி.

அப்போதுதான் வாசம் மாறியது. தாங்கியின் வாயிலிருந்து எழும்பிய வாழைப்பழத்துக்கு அடியில் இன்னொன்று, புளித்து, கூர்மையாக, கண்ணைக் கரிப்பது. வினாகிரி. தண்ணீர் உள்ளே போன இடத்தில் அப்படித்தான் மணக்கும், அதில் அதிசயம் இல்லை; அதற்காகத்தானே தாங்கியையே வெறுமையாக்கினார்கள். ஆனால் இரண்டு மாதமாக எங்கேயிருந்து தண்ணீர் உள்ளே போகிறது? குழாய் எல்லாம் பார்த்தார்கள், மூடியைப் பார்த்தார்கள், அடித்தட்டைப் பார்த்தார்கள். இறுக மூடிய இரும்புப் பாத்திரம். உள்ளே ஈரமான எதுவும் இல்லை. எதுவும் மூச்சு விடவில்லை.

அந்த நினைப்பை உடனே தள்ளினான்.

நாலு முப்பத்தைந்து. ஒன்று இழுத்தான்.

ஒன்று வந்தது. அதன் பின்னால், விரலால் சுண்டிவிட்டது மாதிரி, குட்டியாக இன்னொன்று.

உதயன் கயிற்றை இறுகப் பிடித்தான். யோசெப் பகிடிக்காரன். சும்மா ஒன்று இழுத்துவிட்டு இருக்க அவனால் முடியாது. பின்னால் ஒரு குட்டி இழுப்பும் வைப்பான். "அது என்ட கையெழுத்து மச்சான், வேற ஆரும் போடேலாது," என்பான். இதை உதயன் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கும் இல்லை, விசாரிக்க வந்த பரிசோதகருக்கும் இல்லை. றஜிந்தன் யோசெப்பைக் கண்டதேயில்லை.

குழாய் ஆடியிருக்கும். பரிசோதகரும் அதைத்தானே எழுதினார்.

ஒக்ரோபரில் நடந்தது இதுதான். மீற்றரின் பற்றரி செத்திருந்தது. யோசெப் வாய்க்குள் தலையை விட்டு மணந்து பார்த்துவிட்டு, "வாசம் போயிட்டு, இறங்கலாம்," என்றான். உதயனும் மணந்து பார்த்தான். ஓம், ஒரு வாசமும் இல்லை. பதினொரு வருடமாக மூக்குச் செத்த ஒருவனும் பன்னிரண்டு வருடமாக மூக்குச் செத்த ஒருவனும் சேர்ந்து, காற்று நல்லதென்று தீர்ப்புச் சொன்னார்கள். நெடுகவும் அப்படித்தான் செய்தார்கள், ஒன்றும் நடந்ததில்லை. யோசெப் முகமூடி இல்லாமல் இறங்கினான். நாற்பது நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இவன் இழுத்தான், ஒவ்வொரு தரமும் பதில் வந்தது, கையெழுத்தோடு. எட்டாவது பதிலுக்குப் பிறகுதான் சுரண்டும் சத்தம் நின்று கனநேரம் என்பது இவனுக்கு உறைத்தது.

பிறகு நடந்ததை அவன் நினைப்பதில்லை. இப்போது நினைத்தான். கப்பி இல்லை, முக்காலி இல்லை. வெறும் கையால் இழுத்தான். எண்பது கிலோ மனிதனை, கைக்குக் கை, கைக்குக் கை, வாயிலிருந்து ஒரு முழம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். தலைமயிர் தெரிந்தது. ஒரு கையை விட்டு அவனுடைய சட்டையைப் பிடிக்கப் போனான். கயிறு ஓடியது. உள்ளங்கை எரிந்தது. கீழே அந்தச் சத்தம்.

இறங்கிப் பத்து நிமிடத்துக்குள் உயிர் போய்விட்டது என்று வைத்தியர் அறிக்கை சொன்னது. அப்படியென்றால் கயிற்றில் வந்த பதில்கள்? காற்றாடி ஊதுகிற குழாய் கயிற்றில் இடித்திருக்கும், என்றார் பரிசோதகர். உதயன் கையெழுத்து வைத்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அவன் மூன்று மாதமாக நித்திரை கொள்கிறான். தாள் சொல்வது சரியென்றால் அவன் கைநழுவ விட்டது ஒரு பிணத்தை. கயிறு சொன்னது சரியென்றால், உயிரோடு இருந்த ஒருவனை. அந்த இரண்டாவது எவ்வளவு பயங்கரம்! அதை ஒரு நாளும் முழுசாக நினைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவு வந்ததில்லை.

காற்றுக் குழாயை நசுக்காமல் இரண்டு சப்பாத்துக்கும் இடையில் அசையாமல் பிடித்தான். கயிற்றை வாயின் நடுவுக்கு இழுத்து, எதிலும் முட்டாமல் நேராகத் தொங்கவிட்டான். நாலு நாற்பது. ஒன்று இழுத்தான்.

ஒன்று. குட்டியாக இன்னொன்று.

"றஜிந்தன்!"

தாங்கி அவனுடைய குரலை வாங்கி உருட்டித் திருப்பித் தந்தது. முகமூடிக்குள் இருப்பவனுக்குக் கேட்காது, கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. சுரண்டும் சத்தம் நிற்கவில்லை. அதுவே ஒரு ஆறுதல். சுரண்டுகிறான், ஆகவே இருக்கிறான். உதயன் காதைக் கொடுத்தான். கிறீச். கிறீச். காற்றாடியின் இரைச்சலுக்கு அடியில், நிதானமாக, வேலை தெரிந்த கை. கிறீச்.

கிறீச்.

இரண்டு.

ஒன்று முடிய, கொஞ்சம் பிந்தி, மற்றது. எதிரொலி என்று நினைத்தான். எதிரொலி என்றால் இந்தப் பிந்தல் மாறக்கூடாது. மாறியது. ஒன்று வேகமாக வழிக்க, மற்றது மெதுவாக இழுத்தது. ஒன்று நிற்க, மற்றது தொடர்ந்தது.

முழங்காலிட்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தான். வினாகிரி முகத்தில் அடித்தது. இடதுபக்கத்தில், ஆழத்தில், தலைவிளக்கின் வெளிச்சம் சுவரில் ஒரு வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இடதுபக்கம். இடதுபக்கத்தில் சுரண்டுகிற சத்தம். வலதுபக்கம் இருட்டு.

இருட்டிலும் சுரண்டுகிற சத்தம்.

வின்சன்டைக் கூப்பிட்டான். முன்பக்கத்தில் லொறியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவனுடைய சத்தம் பின்கட்டுக் கதவையே தாண்டியிருக்காது. அபாய மணியின் சிவப்புப் பொத்தான் ஏணியின் அடியில். இறங்க வேண்டும். அசையக்கூடாது. கயிற்றை விட்டுவிட்டு இறங்குவதா? இந்தக் கயிற்றையா?

கயிறு இழுபட்டது. இவன் கேட்கவில்லை. நேரம் ஆகவில்லை.

ஒன்று. குட்டியாக ஒன்று.

சுகம்.

மறுபடியும். ஒன்று. குட்டியாக ஒன்று. அவசரமில்லாமல். ஒரு பழைய சிநேகிதன் கதவைத் தட்டுவது மாதிரி.

சிவாஜினியின் முகம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை முகம். இந்தத் தரம் கயிறு என்ன சொன்னாலும் நம்புவதில்லை. சுகம் என்றாலும் தூக்குவது. மூன்று இழுப்பு இழுத்தான்: தூக்கப்போகிறேன். பதிலைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் இரண்டு கையையும் போட்டுச் சுற்றினான்.

கயிறு இறுகியது. முக்காலி முனகியது. சுற்றுருளையின் பல் ஒவ்வொன்றாக விழுந்தது, டிக், டிக், டிக். ஒவ்வொரு டிக்கும் அவனுக்குச் சாமி. பல் விழுந்தால் கயிறு பின்னுக்கு ஓடாது. பாரமாக இருந்தது, பிறகு திடீரென்று இலேசாயிற்று, யாரோ கீழேயிருந்து தாங்கிக் கொடுத்ததுபோல. டிக், டிக். வாயின் விளிம்பில் வெளிச்சம் ஏறியது. தலை. தோள். இரண்டு கையுறைகள் விளிம்பைப் பிடித்தன. உதயன் அவனை வாரோடு அள்ளித் தட்டில் போட்டான்.

றஜிந்தன் முகமூடியைக் கழற்றினான். உயிரோடு. வியர்த்து, சிவந்து, கோபத்தோடு, உயிரோடு.

"என்ன மச்சான்? பாதி வேலையில இழுக்கிறியள்!"

உதயன் குனிந்தான். றஜிந்தனின் கன்னத்தைத் தொட்டான், தோளைத் தொட்டான், சூடாக இருந்தது. அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான். கொண்டுவந்துவிட்டேன் தங்கச்சி, கொண்டுவந்துவிட்டேன்.

"ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையப்பா. நீர் ஏன் அந்தக் குட்டி இழுப்பு இழுத்தனீர்?"

"நானோ?" றஜிந்தன் இடுப்பிலிருந்த கொக்கியைக் கழற்றினான். அது விளிம்பில் உரசி வாய்க்குள் போய், சுற்றுருளை சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்க, கயிற்றோடு அடி வரைக்கும் இறங்கித் தொங்கியது. "நான் ஒண்டுதான் இழுத்தனான். நீங்கள்தான் ஒண்டு இழுத்துப்போட்டுப் பின்னால சின்னனா ஒண்டு வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். நானும் பகிடி விடுறியள் எண்டு நினைச்சன்."

காற்றாடி ஊதிக்கொண்டிருந்தது. உதயன் கண்ணைத் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது.

"மற்ற ஆள் எங்க?" என்றான் றஜிந்தன்.

"ஆர் மற்ற ஆள்?"

"உதவிக்கு ஒருத்தரை அனுப்பினியள்தானே. அந்தப் பக்கமா நிண்டு சுரண்டினார். மாஸ்க்கும் இல்லை, லைற்றும் இல்லை, என்ன கம்பனியடா இது எண்டு எனக்குப் பயமாப் போச்சு. கையைக் காட்டிப் பாத்தன், திரும்பேல்லை. நீங்கள் இழுக்கேக்க என்ரை காலைப் பிடிச்சுத் தூக்கிவிட்டது அவர்தான்." வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஏணியைக் காணேல்ல, அவர் எப்பிடி வருவார்? பாவம் மச்சான், அவரையும் எடுங்கோ."

சுரண்டும் சத்தம் நின்றிருந்தது.

தொங்கிக்கொண்டிருந்த கயிறு மெல்ல ஆடியது. பிறகு ஆடவில்லை. இறுகியது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவன் தன்னுடைய பாரத்தை நம்பிக்கையோடு கொடுப்பதுபோல, முழுப் பாரத்தையும் கொடுத்தது. முக்காலியின் கால்கள் தகட்டில் வழுகி நின்றன. கைப்பிடி தானாகப் பின்னுக்குச் சுழலத் தொடங்கியது.

உதயன் பாய்ந்து பிடித்தான். யோசித்துப் பிடிக்கவில்லை. கை போய்ப் பிடித்தது.

எண்பது கிலோ. கைக்கு அந்தப் பாரம் தெரியும்.

"வாறார், வாறார், சுத்துங்கோ," என்று றஜிந்தன் குனிந்து தலைவிளக்கை வாய்க்குள் பிடித்தான், உதவி செய்கிற சந்தோஷத்தோடு. உதயன் சுற்றினான். பல் விழவில்லை. டிக் இல்லை. சுற்றுருளை எண்ணெய் விட்டதுபோலச் சத்தமில்லாமல் திரும்பியது, பாரம் முழுவதும் இவனுடைய இரண்டு கையில்தான். ஒரு சுற்று. இன்னொன்று. வினாகிரி மூச்சை அடைத்தது. ஒரு சுற்று. கீழே தண்ணீர் சொட்டுகிற சத்தம், உயரத்திலிருந்து, சொட்டச் சொட்ட உயரம் கூடியது.

"மெல்லமா, அவருக்கு..." என்ற றஜிந்தன் நிறுத்தினான்.

நிமிர்ந்தான். ஒரு அடி பின்னுக்கு வைத்தான். இன்னொரு அடி. முதுகு தட்டின் கம்பியில் முட்டியது. தலைவிளக்கு அவனுடைய நெற்றியில் நடுங்கியது, அந்த வெளிச்சம் சுவரெல்லாம் நடுங்கியது. பின்னால் ஒரு கையால் கம்பியைப் பிடித்தான்.

"என்ன? றஜிந்தன், என்ன தெரியுது?"

றஜிந்தன் மற்றக் கையைத் தாங்கியின் வாய்ப் பக்கம் நீட்டினான்.

வாயின் வட்டத்துக்குள் தலைமயிர் வந்தது. நனைந்து மண்டையோடு ஒட்டியிருந்த கறுத்த மயிர். அவன் குனிந்திருந்தான், நாடி நெஞ்சில் முட்டியிருந்தது, முகம் தெரியவில்லை. கொக்கி எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஈரத்தில் ஊறி வெளுத்த இரண்டு கைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கயிற்றைப் பிடித்திருந்தன. விளிம்புக்கு ஒரு முழம்.

விட்டால் அவன் இரண்டாம் தரமும் விழுவான். சுற்றினால் முகம் வரும்.

உதயனுடைய உள்ளங்கை எரிந்தது. கைப்பிடி அவனுடைய வியர்வையில் வழுகத் தொடங்கியது.

"பிடிச்சிருக்கிறன்," என்றான். யாருக்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. "பிடிச்சிருக்கிறன் மச்சான்."

குனிந்திருந்த தலை, அந்தக் குரலைக் கேட்டதும், மெல்ல நிமிரத் தொடங்கியது.